நமது நிறுவனம்

மார்ச் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை நாளிதழின் ஏழாம் பக்கத்தில் ஒரு விளம்பரம் வெளியானது. கிடங்கு மேலாளர் தேவை, கையால் எழுதிய விண்ணப்பக் கடிதம் கட்டாயம், தபாலில் மட்டும். கீழே இருந்தது என் வீட்டு முகவரி.

முப்பத்தொரு வருடம் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் விண்ணப்பங்களைப் படித்தவன் நான். சுயவிவரத்தை யார் வேண்டுமானாலும் நிரப்பிவிடலாம். அதன்மேல் வைக்கும் கடிதத்தில்தான் ஆள் தெரிவார். நல்ல கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாது. "கடின உழைப்பாளி" என்று சொல்லிக்கொள்ளாது. ஒரு கேள்விக்கு நேராகப் பதில் தரும்: ஏன் எங்களிடம் வர விரும்புகிறீர்கள்?

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வந்த தபால் மின்கட்டண அறிவிப்பு மட்டும்தான். மனைவி இறந்து நான்கு வருடம். மகன் தொலைபேசியில் பேசுவான். பேசும்போதே பக்கத்தில் வேறு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பான். விளம்பரம் வந்த வாரத்தில் அறுபத்திரண்டு கடிதங்கள் வந்தன.

"என்ன சார், மணமகள் தேவைன்னு விளம்பரம் கிளம்பரம் குடுத்துட்டீங்களா?" என்றார் தபால்காரர்.

"ஆள் எடுக்கிறோம்" என்றேன்.

அப்படி ஒரு வேலை இல்லை என்பதைப் போலீஸ் விசாரணையில் நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். நான் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

எல்லாருக்கும் பதில் எழுதினேன். எந்த நிறுவனமும் அதைச் செய்வதில்லை. பிழைகளைச் சுட்டிக்காட்டி, திருத்தி மறுபடி அனுப்பச் சொன்னேன். பெரும்பாலோர் ஒன்றிரண்டு கடிதங்களோடு நின்றுவிட்டார்கள். பதினோரு பேர் நிற்கவில்லை.

அவர்களில் ஒருவர் வெளியூரில் ஓர் உதிரிபாகக் கிடங்கில் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்து வந்தவர். நிறுவனம் கொடுத்த வீட்டில் மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் இருந்தார். முதல் கடிதம் எங்கிருந்தோ பார்த்து எழுதியது. "உங்கள் வேலையில் ஒரே ஒரு நாளை எழுதுங்கள்" என்றேன். கிடங்கில் மழைநீர் புகுந்த நாளை எழுதினார். இடுப்பளவு நீரில் நின்று பெட்டிகளை மேல்தட்டுக்கு ஏற்றியிருக்கிறார். வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றி வந்ததற்கு வருகைப் பதிவில் தாமதம் என்று குறித்திருக்கிறார்கள். நான்காவது கடிதத்தில், "நான் எழுதியதை ஒருவர் முழுதாகப் படிப்பது இதுவே முதல் முறை" என்று ஒரு வரி. விண்ணப்பத்துக்குத் தேவையில்லாதது. நீக்கச் சொன்னேன்.

ஐந்தாவதில், "தங்கள் நிறுவனம்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "நமது நிறுவனம்" என்று எழுதியிருந்தார். விண்ணப்பதாரர் செய்யக்கூடாத பிழை. வேலை கிடைக்கும்வரை அவர் வெளி ஆள். சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்தச் சொல்லைத் திருத்தவில்லை.

மற்றபடி அந்தக் கடிதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறையில்லாத கடிதத்துக்குத் திருப்பி எழுத என்ன இருக்கிறது? தேர்வாகிவிட்டதாக எழுதினேன். சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும் என்றும், இப்போதைய வேலையை உடனே ராஜினாமா செய்து நகல் அனுப்ப வேண்டும் என்றும் சேர்த்தேன். கையில் வேலை இருப்பவர் சீக்கிரம் எழுதுவதை நிறுத்திவிடுவார். அது என் அனுபவம்.

நகல் வந்தது. நான்கு வரி, சுத்தமான கையெழுத்து. அடுத்த வாரம், தேதிக்குக் காத்திராமல், புதுச் சட்டையோடு அவரே வந்து நின்றார்.

"சார், ஆபீஸ் எந்த மாடி?"

"இதுதான். உள்ள வாங்க."

கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒரு மேசை, ஒரு நாற்காலி, கடிதக் கட்டுகள்.

"மத்தவங்க எப்ப சார் வருவாங்க?"

"யாரும் வர மாட்டாங்க. நம்ம ரெண்டு பேருதான்."

சிரித்தார். "விளையாடாதீங்க சார். வீட்டைக் காலி பண்ணிட்டு வந்திருக்கேன். கீழ லாரியில வீட்டுக்காரி பிள்ளைங்களோட உக்காந்திருக்கா."

தேநீர் போட்டுக்கொண்டு வந்தபோது கதவு திறந்து கிடந்தது. மேசைமேல் இருந்த மற்றவர்களின் கடிதங்கள் பிரிந்து கிடந்தன.

பழைய இடத்தில் அவருக்குப் பதிலாக வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். இப்போது மச்சான் வீட்டில் ஒரே அறையில் நான்கு பேரும் இருப்பதாகப் புகாரில் படித்தேன். நான் யாரிடமும் எதையும் பறிக்கவில்லை. அவர்களுக்கு எழுத வந்தது. படிக்க ஒருவர் வேண்டியிருந்தது.

புகார் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். மீதிப் பத்துப் பேரும் வேலையை விட்டுவிட்டார்கள். எப்போது வந்து சேர வேண்டும் என்று கேட்டு வாரம் ஒரு கடிதம் எழுதுகிறார்கள். நேற்றுவரை எல்லாருக்கும் பதில் போட்டிருக்கிறேன்.