தேவராஜ் மனையில் முளைத்த ஏழு ஈட்டிக் கன்றுகள்

என் பெயர் வேம்புலி, வயது 42, தகப்பனார் பெயர் துலுக்கானம். அம்பத்தூர் மேனாம்பேட்டில் சொந்த வீட்டில் குடியிருந்துகொண்டு, ஆவடியில் தொழிற்சாலை ஒன்றில் தச்சு வேலை செய்து வருகிறேன். எட்டாவது வரை படித்தவன். நான் சுவர் ஏறிக் குதித்து, பக்கத்து மனையில் ஏழு மரக்கன்றுகளை நட்டு இடத்தை வளைக்கப் பார்ப்பதாக மனைக்காரர் தேவராஜ் கொடுத்த புகாரின் பேரில், 18.11.1974 அன்று விசாரித்தபோது நான் சொல்வது யாதெனில்:

1962-ல் என் மகள் பேபி பிறந்தபோது, கூட வேலை செய்த கூடலூர்க்காரர் ஒருவர், பீரோக் கடைகளில் ரோஸ்வுட் என்கிறார்களே, அந்த ஈட்டி மரத்தின் காய்களை ஒரு கை நிறையக் கொடுத்தார். விதைகளை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மணலும் மக்கிய சாணமும் கலந்து உடைந்த பானையில் போட்டு நிழலில் வைத்தேன். அதிகமாகத் தண்ணீர் ஊற்றி முக்கால்வாசியை அழுக வைத்தவனும் நானே. பிழைத்த ஒன்றை மழைக்காலத்தில், தண்ணீர் தேங்காத மேட்டில் நட்டேன். பேபி கல்யாணத்துக்கு அதில் கட்டில் செய்வதாக உத்தேசம். பன்னிரண்டு வருடமாகியும் மரம் என் தொடை கனம்தான். என் தொடையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. "இதுல சப்பாத்திக் கட்டைகூட வராது. கட்டிலு பேபிக்கு இல்லய்யா, அவ பேத்திக்கு" என்பாள் என் மனைவி கெங்கம்மாள்.

இவ்வருடம் ஆடி மாதம் தேவராஜ் சுற்றுச்சுவர் எழுப்பியபோது, என் மரத்தின் வேர் தன் மனைக்குள் வருவதாகவும், அதை வெட்டவேண்டும் என்றும் சொன்னார். நானும் சுவரோரம் பள்ளம் தோண்டி வேரை வெட்டிவிட்டேன். அதன் பிறகு அவர் காஞ்சிபுரம் போய்விட்டார். தீபாவளிக்கு மறுநாள் காலை எட்டிப் பார்க்கையில், அவர் மனையில் ஏழு ஈட்டித் துளிர்கள் சாண் உயரம் நிற்பதையும், பூட்டிய கேட்டின் இடுக்கில் நுழைந்த ஓர் ஆடு முதல் துளிரை மோந்து பார்ப்பதையும் கண்டேன். சுவர் ஏறிக் குதித்து ஆட்டை விரட்டியது உண்மை. ஏழுக்கும் முள் வேலி கட்டியதும் உண்மை. திரும்பும்போது சுவர்மேலிருந்த கண்ணாடிச் சில்லில் கிழிந்து மாட்டிய, புகாரோடு கொடுத்திருக்கும் பச்சைக் கட்டம் போட்ட லுங்கித் துண்டும் என்னுடையதே. ஆனால் நடவில்லை.

நேற்று ஊர் திரும்பிய தேவராஜ், நேர்கோட்டில் ஏழு கன்றும் ஏழு வேலியும் கண்டு, புகார் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து, "இன்னா வேம்புலி, இன்னிக்கு மரம் வெச்சிகீறே, நாளைக்கு ஊடு கட்டிக்குவியா? உன் மரத்த அடியோட வெட்டு, கம்ப்ளெய்ண்ட வாபஸ் வாங்கறேன்" என்றார். நான் மாட்டேன் என்றேன்.

இன்று காலை ஏட்டு தசரதன் இடத்தைப் பார்வையிட்டு, கடப்பாரையை என் கையில் கொடுத்தார். நான் தோண்ட, சுவருக்கடியிலிருந்து நேராக ஓடிய வெட்டுப்பட்ட வேர் தெரிந்தது. ஏழு துளிரும் அதிலிருந்தே கிளம்பியிருந்தன. ஈட்டி வேரை வெட்டினால், அறுபட்ட துண்டு தானே முளைக்கும் என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"வேர வெட்டச் சொன்னது யாருப்பா?" என்றார் ஏட்டு.

"நாந்தான்" என்றார் தேவராஜ்.

"அப்போ நட்டது நீதாம்பா."

அதன் பிறகு தேவராஜ் குந்தி உட்கார்ந்து ஒரு துளிரைத் தொட்டுப் பார்த்து, வெட்ட எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டார். அறுபது என்றேன். "நமக்குப் பாடைக்குக்கூட ஒதவாது, மாமே" என்று சிரித்தார்.

என் மரத்தை வெட்டவேண்டியதில்லை என்றும், புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் சொன்னார். கன்றுகள் ஏழும் அவருக்கே சொந்தம். நெருக்கமாக நிற்பதால் இரண்டை மட்டும் விட்டு, மற்றவற்றை இந்த மழையிலேயே வேர்த்துண்டோடு பெயர்த்து, தள்ளித் தள்ளி நான் நட்டுத் தரவேண்டும். கோடையில் தண்ணீரும் நானே ஊற்றவேண்டும். அதற்கு நான் சட்டை போட்டுக்கொண்டு கேட் வழியாக வரவேண்டும் என்பது அவர் நிபந்தனை. ஒப்புக்கொண்டேன்.

மேற்கண்டவற்றை ஏட்டு படித்துக் காட்ட, தேவராஜும் உடனிருந்து கேட்டார். யாதொரு வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது; அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) து. வேம்புலி