உக்காந்து விளையாடுற வீரர்

இல்ல பிரேக் இன்ஸ்பெக்டர் சார், நீங்க சொல்றது சரிதான். மலை ரோட்டுல ஜீப் ஓட்ட உடம்புல தெம்பு வேணும்தான். அதுக்காக, பொம்பளைக்கு எதுக்கும்மா லைசென்ஸுன்னு கேட்டுப்புட்டீகளே! சரி, வண்டிய எடுக்கேன், பேசிக்கிட்டே போவோம்.

எங்க வீட்டுக்காரவுக ஏலக்காட்டு வேலைக்குப் பொம்பளையாளுகள இதே ஜீப்புலதான் கம்பமெட்டுக்கு ஏத்திட்டுப் போவாக. பேரா? நான் சொல்லக்கூடாது சார், முன்கண்ணாடியில எழுதியிருக்கு, நீங்களே படிச்சுக்கங்க. ஆமா, முன்னால வீரர்னு இருக்குல்ல, அது அவுகளா சேத்துக்கிட்டது.

எல்லாம் கேபிள் டிவியில கார் ரேஸு பாத்ததுலருந்து புடிச்ச கிறுக்கு. ரேஸு ஓட்டுறவுகளும் விளையாட்டு வீரராம், அப்ப நானும் வீரர்தாண்டின்னாக. உக்காந்துக்கிட்டே என்னத்த விளையாட்டு, ஓடுறது இஞ்சின்தானன்னு கேட்டேன். வளைவுல கழுத்து இழுக்குதாம், நெஞ்சு அடிச்சுக்குதாம். நானுந்தான் கிரைண்டர் முன்னால உக்காந்திருக்கேன், எனக்கு யாரு கப்பு குடுக்கான்னேன். மறுநா காலையில ஆட்டுக்கால் சூப்பு கேட்டாக. வீரருக உடம்பத் தேத்தணுமாம்ல!

சிரிக்காதீக சார், இன்னுங் கேளுங்க. ஒருநா மத்த ஜீப்ப எல்லாம் முந்திக்கிட்டு மொதல்ல எஸ்டேட்டுக்குப் போயிட்டாக. டிவியில ஜெயிச்சவுக பண்றாப்புல, பன்னீர் சோடாவக் குலுக்கி, எறங்குன பொம்பளையாளுக மேல பீச்சிட்டாக. நனைஞ்சுபோன சுருளியம்மா மதினி தூக்குச்சட்டியோட வெரட்டுச்சு பாருங்க, ரெண்டு வளைவுக்கு! அன்னைக்குத்தான் அவுக நெசமாவே ஓடுனாக.

என்ன, இந்த மேட்டுல நிறுத்தி எடுக்கணுமா? பின்னால உருளக்கூடாது, அம்புட்டுத்தான? இந்தா, எடுத்துட்டேன்.

ஆனா சும்மா சொல்லக்கூடாது சார். நானே ஓட்டிப் பாத்தப்பதான் தெரிஞ்சுச்சு. ஸ்டேரிங்க வளைச்சு வளைச்சுத் தோள்பட்டை கழண்டு போச்சு, பிள்ளையத் தூக்க முடியல. வீரருதான் சார் அவுக. இத அவுககிட்ட மட்டும் சொல்லிப்புடாதீக, அப்புறம் ஈரலும் சேத்துக் கேப்பாக.

யாரு ஓட்டப் பழக்குனதா? அவுகதான். ரோட்டோரம் நின்னுக்கிட்டு, ஏ கிளச்சு, கிளச்சுன்னு கத்துவாக. பக்கத்துல ஏறி உக்கார மாட்டாக. அந்தா, பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு வேப்பமரத்துக்கிட்ட நிக்கிறாகள்ல, அவுகதான்.

அவுக ஏன் இப்ப ஓட்டலையா? இல்ல இல்ல, அடியெல்லாம் படல. சித்திரையில ஒரு வளைவுல பிரேக்கு புடிக்கல. பாறையில ஒரசி நின்னுருச்சு. ஏறியிருந்த பொம்பளையாளுகளுக்கு ஒரு கீறல்கூட இல்ல. அன்னையிலருந்து அவுக சாவியத் தொடுறதே இல்ல சார், நான் எடுத்து நீட்டுனாலும் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய போயிடுறாக.

ஊருல யாரு கேட்டாலும், வீரரு ஓய்வுல இருக்காகன்னுதான் சொல்றேன். நீங்களும் எறங்குனதும் அங்கன போயி அப்படியே கேளுங்க சார், அடுத்த பந்தயம் எப்பன்னு.