அறுபத்து நான்கு பெயரும் பதினான்காம் நம்பரும்

அவைத் தலைமையேற்று, பதினோர் ஆண்டுகளாக அதே நாற்காலியில் அசையாது வீற்றிருக்கும் பூளைக்களம் பால் சொசைட்டித் தலைவர் ராஜசேகர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும், நிறைத்ததோடு நில்லாமல் பக்கத்து நாற்காலிக்கும் துண்டு போட்டு வைத்திருக்கும் பெரியோர்களே! கட்டுரை அனுப்பும் கமிட்டியின் பதினேழு கண்மணிகளே! பந்தலின் ஓரத்தில் பாயில் அமர்ந்து, கறவைக்கு நேரமாகிறதே என்று மணி பார்த்துக்கொண்டிருக்கும் என் தாய்மார்களே! மீனாட்சிபுரத்திலிருந்தும் மாநில எல்லைக்கு அந்தப்பக்கம் ஆனைமலையிலிருந்தும் வந்திருக்கும் சொந்தங்களே! விழா நாயகி, நம் மண் பெற்றெடுத்த ஆராய்ச்சி மாணவி யோகப்பிரியா அவர்களே! மாட்டுத்தீவனம் விற்று வயிறு வளர்த்து, மைக் கண்டால் மனம் குளிரும் இந்தச் சென்னியப்பனின் வணக்கத்தை ஏற்றருள்வீர்!

என்னங்க? பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார், "கட்டுரை அச்சாயிருச்சுங்களா?" என்று. இல்லை ஐயா. ஏற்றுக்கொண்டார்களா? அதுவும் இல்லை. அனுப்பியிருக்கிறோம். அனுப்பியதற்கா ஆளுயர பிளெக்ஸ், அனுப்பியதற்கா அதிர்வேட்டு என்று கேட்பீர்கள். கேளுங்கள்! அனுப்பியதே அதிசயம் என்பதை அடியேன் சொல்லி முடித்தபின் நீங்களே இன்னொரு வேட்டு வைப்பீர்கள்.

ஆறு ஆண்டுகள்! ஆறு ஆண்டுகள் நம் வீட்டு வாசல்களில் இந்தப் பெண் அலைந்தாள். சாணி மிதித்தாள், கேள்வி கேட்டாள், பதிலைப் போனில் பதிந்தாள். அதையெல்லாம் ஆங்கிலத்தில் கட்டுரையாக்கி ஒரு சமூகவியல் ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியதற்கு அத்தாட்சி காட்டவில்லை என்றால் பல்கலைக்கழகத்தில் அவளுடைய பதிவு ரத்து. ஆறு ஆண்டும் ஆற்றில் கரைத்த புளி. விடுவோமா? விட்டுவிடத்தான் முடியுமா? அமைத்தோம் கமிட்டி!

கமிட்டி என்ன செய்தது? சொல்கிறேன். எட்டாயிரம் வார்த்தைக்கு மேல் கூடாது என்றது ஆய்விதழ். யோகப்பிரியா எழுதியதோ பதினோராயிரம். "மூவாயிரத்தை வெட்டோணுமுங்க" என்றாள். "வெட்டு சாமி, ஆனா நாஞ்சொன்னதுல மட்டும் கை வெச்சறாதே" என்றார்கள் பதினேழு பேரும். ஐந்து குறிச்சொற்கள் கொடுங்கள் என்றது ஆய்விதழ். நான் கொடுத்தேன் ஐந்து: பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு, கலப்புத்தீவனம், உப்புக்கட்டி. ஏன் சிரிக்கிறீர்கள்? பால் பற்றிய கட்டுரை என்றார்கள், பாலுக்கு மூலம் தீவனம்தானே?

அதன்பின் வந்தது பெரிய இடி. எழுதியது யார் என்று படித்து மதிப்பிடுகிறவருக்குத் தெரியக் கூடாதாம். மதிப்பிடுகிறவர் யார் என்று எழுதியவருக்கும் தெரியக் கூடாதாம். கட்டுரைக்குள் ஊர்ப்பெயர் கூடாது, ஆள்பெயர் கூடாது, பேசியவர்களுக்கெல்லாம் வெறும் நம்பர்தானாம். நம் தலைவர் ராஜசேகர் எழுந்து, "ஏனுங்க, பேரு வராதுன்னா அப்புறம் எதுக்குங்க எழுதறது?" என்று கேட்டார். கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி!

புதன்கிழமை. மழையில் ஊரில் இன்டர்நெட் படுத்துவிட்டது. "பென்டிரைவைக் குடு சாமி, நான் முன்னாடி போறேன், நீ பஸ்ஸுல வா" என்று யோகப்பிரியாவிடம் வாங்கிக்கொண்டு, மொபெட்டில் பறந்தேன் ஜெகனின் அச்சகத்துக்கு. ஜெகனைத் தெரியாதவர் உண்டா? இந்த வட்டாரத்தில் கழுத்தில் தாலி ஏறிய அத்தனை பேருக்கும் பத்திரிகை அடித்தவன். கட்டுரையைத் திறந்தான், முதல் பக்கத்தைப் பார்த்தான், முகம் சுளித்தான். "ஏனுங்ண்ணா, மொட்டையா இருக்குது? ஒரு பேருகூட இல்லீங்களே. இப்பிடி அனுப்புனா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

நான் தடுத்திருக்க வேண்டும். தடுத்தேனா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெயர்களைச் சொல்லச் சொல்ல அவன் தட்டினான்! உச்சியில் பிள்ளையார் சுழி. அதன்கீழ் குலதெய்வம் துணை. இடப்பக்கம் பெரியப்பன்மார், வலப்பக்கம் சித்தப்பன்மார், நடுவில் தாய்மாமன்மார், அடியில் கமிட்டி, அதற்கும் அடியில் "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று சொசைட்டி நிர்வாகம். மொத்தம் அறுபத்து நான்கு பெயர்! ஆய கலைகள் அறுபத்து நான்கு, எங்கள் ஆய்வின் தலையிலும் அறுபத்து நான்கு! அத்தனையும் ஆங்கிலத்தில். கடைசி வரியில், ஜெகனின் கை பழக்கத்தில் போட்டது, "அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்."

மழையில் பஸ் தாமதம். யோகப்பிரியா வந்தபோது அச்சகத்தை மூட இரண்டே நிமிடம். "மாமா, எந்த பைலுங்க?" "மேல இருக்கறதுதான் சாமி." அனுப்பிவிட்டாள்.

இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்தது கட்டுரை. "எழுதியவர் அடையாளம் வெளிப்பட்டுள்ளது. ஏராளமாக வெளிப்பட்டுள்ளது. பெயர்களை நீக்கி மீண்டும் அனுப்பினால்தான் பெற்றுக்கொண்டதற்கான ரசீது." ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவர்கள் ஆட்சேபம் சொல்லவில்லை. அன்பளிப்புகளைத் தவிர்க்கவும் என்பதை, யாரிடமும் நிதியுதவி பெறவில்லை என்ற உறுதிமொழியாக எடுத்துக்கொண்டார்கள். ஜெகன், எழுந்து நில்லப்பா. கை தட்டுங்கள்!

நீக்குவது சுலபம் என்பீர்கள். ஒரு பொத்தான் அழுத்தினால் போகும் என்பீர்கள். ஐயா, பத்திரிகையில் பெயர் போட்டுவிட்டு எடுத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? பங்காளி பகையாவான், சம்பந்தி சத்துருவாவான், மூன்று தலைமுறைக்குப் பந்தியில் பக்கத்தில் உட்கார மாட்டான். ஜெகன் அந்த முதல் பக்கத்தை அன்றே வாட்ஸப்பில் ஊருக்கே அனுப்பிவிட்டிருந்தான். ஆகவே வியாழக்கிழமை காலை, வெற்றிலை பாக்கு பழத்தோடு தாம்பூலத் தட்டை ஏந்தி, அதன்மேல் கட்டுரையின் அச்சுப் பிரதியையும் வைத்து, வீடு வீடாகப் படியேறினேன். அழைக்கத் தாம்பூலம் வைத்தவர் ஆயிரம் பேர். அழிக்கத் தாம்பூலம் வைத்தவன் அடியேன் ஒருவன்!

"உங்க பேரை எடுக்கறமுங்க, தப்பா நெனைக்காதீங்க" என்பேன். ஒருவர் அழுதார். ஒருவர், "அவன் பேரை எடுத்தீங்கன்னா எம்பேரையும் எடுத்துக்குங்க" என்றார். ஒருவர் தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். தட்டு இன்னும் திரும்பவில்லை. பெயர் சொல்ல மாட்டேன், முன்வரிசையில்தான் இருக்கிறார்.

இப்படியே போய், நாச்சம்மாள் வீட்டில் நின்றேன். மூன்று மாடு வைத்துக் கறக்கிற நாச்சம்மாளை அறியாதார் யார்? வீட்டுக்காரர் தோப்புக்குப் போயிருந்தார். தட்டை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு, "எம்பேரு இருக்குதுங்களா அதுல?" என்று கேட்டது அந்த அம்மா. தேடினேன். முதலிலிருந்து தேடினேன், முடிவிலிருந்து தேடினேன். அறுபத்து நான்கும் ஆம்பிளை. நூற்றுப் பதினெட்டு உறுப்பினரில் தொண்ணூற்றேழு பேர் பெண்களாக இருக்கும் சொசைட்டியில், அறுபத்து நான்கும் ஆம்பிளை!

"இல்லாத பேரை எடுக்கறதுக்கு எதுக்குங்க தட்டு? கொண்டு போங்க, வெத்தல வாடுது."

அம்மா, அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

கடைக்கு வந்து தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போதுதான் எனக்குத் தோன்றியது, இத்தனை கமிட்டி போட்டோமே, இந்தக் கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவராவது கேட்டோமா? தலைவரே, நீங்கள் கேட்டீர்களா? குனியாதீர்கள், நானும் கேட்கவில்லை. அன்றைக்கும் மறுநாளும், தெரியாத வார்த்தையைப் போனில் போட்டுப் பார்த்து, தட்டுத்தடுமாறிப் படித்தேன். பாஸ்புத்தகம் பெண் பேரில், பால் கறப்பது பெண், பொதுக்குழுவுக்கு வருவது புருஷன், பேசுவது புருஷன், பெண் பேருக்கு நேராக ஒப்பு, அதாவது கையெழுத்து, போடுவதும் புருஷன். பேட்டி கொடுத்த நாற்பது பெண்களில் முப்பத்தாறு பேர் ஒரு கூட்டத்தில்கூட வாய் திறந்ததில்லை. இதுதான் ஐயா கட்டுரை! இதை வரவேற்கத்தான் நாம் அறுபத்து நான்கு ஆம்பிளைகள் வரிசை கட்டி நின்றோம்.

பிறகு வந்தது பதினான்காம் நம்பர். பெயரில்லை, ஊரில்லை, வெறும் நம்பர். அந்த நம்பர் சொல்லியிருந்தது: "என்ற ஊட்டுக்காரரு மேடையில பேசறவருங்க. ஊட்டுலயும் அப்பிடித்தான். அவரு தண்ணி குடிக்கற நேரந்தானுங்க நான் பேசற நேரம்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்தப் பூளைக்களத்தில் மேடையில் பேசுகிறவன் எத்தனை பேர்?

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு யோகப்பிரியாவிடம் ஓடினேன். "சாமி, அந்தப் பதினாலாம் நெம்பர் கட்டுரையவே கெடுக்குது. எடுத்துரு."

"எனக்கும் ரோசனையாத்தான் இருக்குதுங்க மாமா. ஆளைக் காட்டிக் குடுத்துருமோன்னு பயமா இருக்குது. ஆனா எடுக்கறதா வெக்கறதான்னு சொல்ல வேண்டியது நீங்க இல்லீங்க. சொன்னவங்க. அவங்க சரின்னு சொல்லாம நான் அனுப்ப மாட்டேன்."

"ரசீது வராம போயிருமே?"

"போனாப் போகுதுங்க."

ஆறு ஆண்டு உழைப்பை அறியாத ஒருத்தியா சொல்கிறாள்? அறிந்தே சொன்னாள். எனக்குக் கோபமும் வந்தது, கூடவே வெட்கமும் வந்தது.

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி கோமதி கன்றுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "அந்த வரி இருக்கோணுமா, போகோணுமா?" என்று ஒரே வாக்கியத்தில் கேட்டிருக்கலாம். கேட்டேனா? குடும்ப மானம் என்றேன், கொங்கு மரபு என்றேன், ஆராய்ச்சியின் அறம் என்றேன், அறத்தின் ஆராய்ச்சி என்றேன். கால் மணி நேரம் அனல் பறந்தது! தொண்டை வறண்டது. அவள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அண்ணாந்து குடித்தேன்.

நான் குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள், "பேரு வேண்டாங்க. வரி இருக்கட்டும்."

அவ்வளவுதான். சொம்பைக் கீழே வைத்தேன். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் எத்தனை சொம்பு குடித்திருப்பேன், அத்தனை சொம்பிலும் என்னென்ன சொல்லியிருப்பாள்? ஒன்றுகூட எனக்கு நினைவில்லையே!

நாலு ஐம்பத்தொன்றுக்குக் கட்டுரை போய்ச் சேர்ந்தது. அறுபத்து நான்கும் இல்லாமல், பதினான்கோடு சேர்த்து. ரசீதும் வந்துவிட்டது. இதையெல்லாம் மேடையில் சொல்லலாமா என்று யோகப்பிரியா ஒரு சம்மதப் படிவம் நீட்டி, கோமதியிடம் ஒப்பு வாங்கிய பிறகே என்னை மைக் அருகில் விட்டாள். அந்த ஒப்பைப் போட்டது கோமதியே.

பெருமக்களே! இந்த விழா முடிந்ததும் இதே பந்தலில் சொசைட்டிப் பொதுக்குழு. நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு என் நன்றி. பெயர் போனாலும் பெருந்தன்மை போகாத அறுபத்து நான்கு பேருக்கும் நன்றி, கதவைச் சாத்தியவருக்கும் நன்றி, தட்டை மட்டும் கொடுத்துவிடுங்கள். பொறுத்துக் கேட்ட உங்கள் காதுகளுக்கு என் வணக்கம்.

தலைவருக்கும் கமிட்டியார் பதினேழு பேருக்கும் மேசைமேல் ஆளுக்கொரு சொம்பு நிறையத் தண்ணீர் வைக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் ஒன்று இருக்கிறது. எல்லோரும் எடுங்கள். அண்ணாந்து குடியுங்கள். மைக்கை அணைக்க மாட்டேன், தூக்கிக்கொண்டு போய்த் தாய்மார்களின் பாய்மேல் வைக்கிறேன்.

கோமதி, நான் மெதுவாகத்தான் குடிப்பேன்.