கோழிகளுக்குக் கொடுத்த அறை

கோழிக்கு வியர்க்காது, ஐயா. பலருக்கு இது தெரியாது. வெயில் ஏறினால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைக்கும். அதற்குமேல் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. என்னுடையவை பிரம்மாக் கோழிகள். பெரிய உடம்பு, கால்விரல்வரை இறகு. குளிருக்கென்றே பிறந்தவை.

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் கொழுந்து எடுத்தேன். ஓய்வுக்குப் பிறகு பதுளைக்குக் கீழே இந்தத் துண்டு நிலத்துக்கு இறங்கி வந்தோம். பஜாரில் முட்டை விற்கும் மபாஸிடம் பத்துக் குஞ்சு வாங்கினேன். அந்த வயதுவரை எனக்கென்று நான் ஆசைப்பட்டு வாங்கியது வேறு எதுவும் இல்லை.

என் கணவர் இராசையா சிரித்தார். "ஏண்டி, இது கோழியா, கன்னுக்குட்டியா? அதுக்குக் கால்ல மயிரு, ஒனக்குத் தலையில களிமண்ணு." நான் குஞ்சுகளுக்குத் தீனி வைக்கப் போய்விட்டேன். தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். எதிர்ப்பேச்சு கேட்டுப் பழகாதவர்.

பிறகு பக்கவாதம் வந்தது. இடப்பக்கம் விழுந்துவிட்டது, நாக்கு மட்டும் பிழைத்துக்கொண்டது. குளிப்பாட்டினேன், ஊட்டினேன், புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தேன். பக்கத்து வீட்டு வேலாயியைக் கேட்டுப் பாருங்கள்.

போன வருட வெயிலில், அவருக்கு மருந்தெடுக்க நான் ஆஸ்பத்திரிக்குப் போன நேரம், தகரக் கொட்டகையில் ஏழு கோழிகள் செத்தன. அவை துடித்தது கட்டிலில் இருந்த அவருக்குக் கேட்டிருக்கிறது. ஒரு குரல் கொடுத்திருந்தால் வேலாயி ஓடிவந்து தண்ணீர் தெளித்திருப்பாள். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"செத்தா கறிதானே" என்றார்.

மிஞ்சியவை ஒரு சேவலும் இரண்டு பெட்டைகளும். வீட்டில் குளிர்ச்சியான இடம் அவருடைய அறைதான். கல் சுவர், சிமெந்துத் தரை, ஜன்னலுக்கு வெளியே பலாமரம், மேலே மின்விசிறி. இந்த வருடம் கோழிகளை அங்கே விட்டேன். எல்லோருக்கும் அதில் இடம் போதாது. அதனால் கட்டிலைக் கொட்டகையில் போட்டு, அவரைப் பாயில் வைத்து இழுத்துப் போனேன். கொழுந்துக் கூடை சுமந்த உடம்பு, பாரம் தெரியவில்லை. அதற்கு முந்தின நாளே கொட்டகையைக் கூட்டிச் சுண்ணாம்பும் அடித்திருந்தேன். கீரி வரும் என்று வெளியே தாழ்ப்பாள் போடுவது வழக்கம், போட்டேன். வேலாயி வெலிமடைக்கு மகள் வீட்டுக்குப் போன வாரம் அது. அந்த வாரமாகப் பார்த்துச் செய்ததும் நான்தான். ஊர்ப் பேச்சு எனக்குப் பிடிக்காது.

நாலு நாள் திட்டிக்கொண்டே இருந்தார். ஐந்தாம் நாள் பகல் இரண்டு மணிக்கு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"விஜயலெட்சுமி, கொஞ்சம் தண்ணி குடும்மா."

தகர இடுக்கு வழியாகப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. வலது கை உடம்பிலிருந்து விலகிக் கிடந்தது. அந்த அடையாளம் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்பதும் தெரியும். வாளியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய், கோழிகளுக்குத் தண்ணீர் மாற்றினேன். சேவல் குடித்துவிட்டு என் காலருகே உட்கார்ந்தது. அவர் கூப்பிடுவது நிற்கும்வரை நானும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் புத்தி பிசகவில்லை, ஐயா. மறுபடி அதே வெயில் அடித்தால் அதையேதான் செய்வேன். கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: என் பொறுப்பில் இருந்த ஓர் உயிர்கூட இந்த வருட வெயிலில் போகவில்லை.