சர்வருக்குப் பன்னீர்

– பன்னீரா? மிஷின் மேலயா? கல்யாண வீட்ல வாசல்ல நின்னு தெளிப்பாங்களே, அந்தப் பன்னீரா மாமா?

– வேற எந்தப் பன்னீரு? பௌர்ணமிக்கு பௌர்ணமி இதுக்கு சந்தனம் வச்சி, பொட்டு வச்சி, கற்பூரம் காட்டுவேன். இன்னிக்கு கூட்டம் ஜாஸ்தினு சொன்னாங்க, கொஞ்சம் விசேஷமா செஞ்சேன். ஒரு தபா புஸ்ஸுனுச்சு. அப்பால புகை.

– ஐயோ! சிரிக்கக் கூடாதுனுதான் பாக்கறேன் மாமா, முடியல.

– சிரி, நல்லா சிரி. கம்ப்யூட்டர் வேலை செய்யற மச்சானாச்சேனு கூப்ட்டா, வயித்தப் புடிச்சிகினு உருள்ற. டேய் வேடியப்பா, பத்து மணிக்கு நெல்லூர் பஸ்ஸு வந்துடும்டா. யாருக்கு எந்த ரூமு, யாருக்கு படி ஏற முடியாது, எல்லாம் இந்த சர்வருக்குள்ளதான் கீது.

– கவுண்டர்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்குமே?

– அதையும் புடுங்கிட்டேன். இங்க அடிச்ச ஷாக்கு ஒயர் வழியா அங்க போயிடுச்சினா?

– ஷாக்கு ஒயர் வழியா... சரி வுடுங்க. சர்வரே போனப்புறம் அதுல இன்னா தெரியப்போவுது. இதுக்கு ஒரு காப்பி எடுத்து வேற எங்கனா வச்சிருக்கீங்களா?

– எதுக்குடா? நம்ம பொருள நம்ம வீட்ல வைக்காம ஊரான் வீட்லயா வைப்பாங்க?

– வெளங்கிடும்.

– வெளையாடாத. போன வருஷம் எதிர் லாட்ஜ்காரன் ஒரே ரூம ரெண்டு பேருக்கு குடுத்துட்டான். நெல்லூர் ஏஜெண்டு அப்படியே பஸ்ஸத் திருப்பிகினு நம்ம வாசலுக்கு வந்தாரு. அன்னிலேர்ந்து மாசா மாசம் அவரு பஸ்ஸாலதான் இந்த கண்ணாயிரம் லாட்ஜ் ஓடுது. இன்னிக்கு அவர நிக்க வச்சேனு வையி, எதிர்ல திரும்பறதுக்கு ஒரு நிமிஷம் ஆவாது. அப்பால நான் ஷட்டர இழுத்து வுட வேண்டியதுதான்.

– இதுக்குத்தான் மாமா தலைப்பாடா அடிச்சிக்கறேன், கிளவுடுக்கு வாங்கனு.

– கிளவுடு கிளவுடுனு சுத்தி வளைக்காத, வாடகைனு சொல்லு. எவனோ ஒருத்தன் மிஷின்ல மாசா மாசம் துட்டு குடுத்துகினு ஒண்டிக் கெடக்கணும். அதானே?

– ஆமா, வாடகைதான்! வாடகைய நீங்க கொற சொல்லலாமா? பௌர்ணமிக்கு இம்மாஞ் சனம் வருதே, எல்லாரும் இங்க வீடு கட்டிட்டா வர்றாங்க? ஒரு நாளைக்கு ரூம் எடுக்கறாங்க, மலைய சுத்தறாங்க, சாவியக் குடுத்துட்டு போயிகினே இருக்காங்க. தண்ணி வரலனா உங்களத்தான் கத்தறாங்க. மோட்டார் போச்சுனா உங்க தலைவலி. அவங்களுக்கு ஒரு கவலை உண்டா? சிம்பிள் மாமா, அதேதான் இது.

– ம்.

– அதுலயும் மூணு தினுசு. ஒண்ணு, வெறும் மண்டபம். இடமும் கரண்டும் அவன் குடுப்பான். பாய், அடுப்பு, அண்டா எல்லாம் நீங்க தூக்கிகினு வரணும். இன்னொண்ணு, சமையல்கட்டோட ரூமு. அடுப்பு, பாத்திரம், கேஸு அவனுது, ஆக்கறது மட்டும் நீங்க. எங்கள மாதிரி சாஃப்ட்வேர் செய்யறவன் அத எடுப்பான். அப்பால ஒண்ணு இருக்கு பாருங்க, இலையே போட்டுடுவான். ஒக்காந்தமா, சாப்ட்டமா, கை கழுவுனமா. உங்களுக்கு அது போதும்.

– கொழம்பு நல்லா இல்லனா?

– அடுத்த மாசம் வேற ஓட்டலுக்குப் போயிகினே இருங்க!

– சொந்த சமையல்கட்டுனா உப்பு நானே போட்டுக்குவேன்டா.

– போட்டீங்களே! உப்புக்கு பதிலா பன்னீர!

– அடிங்க...

– கோச்சிக்காதீங்க மாமா. பௌர்ணமிக்கு கூட்டம் ஜாஸ்தியா? அன்னிக்கு கூட எடுத்துக்கலாம். அமாவாசைக்கு ஈ ஓட்டறீங்களா? கம்மி பண்ணிக்கலாம். எடுத்ததுக்கு மட்டும் துட்டு. இங்க பாருங்க, யாரும் வராத நாள்லயும் இதுக்கு ஏசி போட்டு தூங்க வைக்கறீங்க. எங்க அக்கா ஃபேன்ல வேர்த்து ஊத்திகினு கெடக்குது!

– உங்க அக்காவுக்கு ஏசி ஆவாது, மூக்கு அடைச்சிக்கும்.

– நெஜமாவே கேக்கறேன் மாமா. போரு சொந்தம், ஜெனரேட்டரு சொந்தம், பெட்ஷீட்டு தொவைக்கற மிஷினு சொந்தம், கருவேப்பிலைக்குக் கூட சொந்த மரம். ஊருக்கே வாடகைக்கு வுடறீங்க, நீங்க மட்டும் ஒரு சேரு கூட வாடகைக்கு எடுக்க மாட்டீங்க. ஏன் அப்படி?

– எடுத்துப் பாத்தவன்டா நானு. அடி அண்ணாமலையில நாங்க வாடகை வீட்ல இருந்தோம். தீபத்துக்கு தீபம் வீட்டுக்காரன் எங்கள வெளிய அனுப்பிட்டு, வெளியூர்காரங்களுக்கு வீட்ட வுட்டுடுவான். நாங்க சட்டி பானையோட மாட்டுக் கொட்டாயில கெடப்போம். மலை மேல தீபம் தெரிஞ்சதும் ஊரே கன்னத்துல போட்டுக்கும். நான் எங்க அம்மா மூஞ்சியப் பாப்பேன். அழுதுகினு இருக்கும். அன்னிக்கே முடிவு பண்ணேன், இனிமே எதுனாலும் நம்மளுதா இருக்கணும், எவனும் நம்மள எழுந்திருனு சொல்லக் கூடாதுனு.

– இத நீங்க சொன்னதே இல்லயே மாமா.

– சொல்ற விஷயமாடா அது? மணி இன்னா?

– பத்தாவப் போவுது.

– பயமா கீதுடா வேடி.

– கலங்காதீங்க மாமா. யோசிப்போம்.

– அந்த பஸ்ஸுல கைக்கொழந்தைங்க வருது, வயசானதுங்க வருது. எங்க அம்மா நின்ன மாதிரி அதுங்க என் வாசல்ல மூட்டையோட நிக்கறத நான் பாக்க மாட்டேன். சரி, போடு. அந்த இலை போடற தினுசு. சொந்தமும் வாணாம், ஒண்ணும் வாணாம், நான் வாடகைக்காரனாவே இருந்துட்டுப் போறேன்.

– மாமா! நெஜமாவா? கைய குடுங்க! அய்யோ, எத்தினி வருஷமா கெஞ்சறேன், உங்களத் தூக்கி சுத்தணும் போல இருக்கு!

– தூக்காத, எறக்கு என்ன! இப்ப போட்டா நெல்லூர் கணக்கு வந்துடுமா?

– அது... இனிமே வர்ற புக்கிங்கு வரும் மாமா. உள்ள போனது, போனதுதான்.

– அடப்பாவி! இத கடைசியில சொல்ற!

– ஏங்க, எங்கெல்லாம் தேடறது உங்கள? இந்த ரூம்ல பூந்துகினு இன்னா பண்றீங்க? டேய் வேடி, நீ எப்படா வந்த? அவர ஏன்டா தூக்கி வச்சிகினு கீற?

– கஸ்தூரி, வந்துட்டியா. நெல்லூர் பஸ்ஸு வரப்போவுது...

– அது அப்பவே வந்துடுச்சு. சீக்கிரம் கெளம்பிட்டாங்களாம். வயசானவங்கள கீழ வுட்டுட்டேன், பசங்க மாடியில. வெந்நீர் கேட்டாங்க, குடுத்தாச்சு. அவ்ளோதான்.

– யாருக்கு எந்த ரூமுனு உனக்கு எப்படித் தெரியும்?

– போன்ல கீது.

– அக்கா, குடு அத. மாமா! இதப் பாருங்க மாமா! இது கிளவுடு! இலை போடற தினுசேதான்! அக்கா, வேற எவன்கிட்டயோ எடுத்திருக்க. சொந்தத் தம்பி இதே வேலையில இருக்கேன், என்ன ஒரு வார்த்தை கேட்டியா?

– உன்கிட்ட எடுத்தா, ரிப்பேருனு கூப்ட்டா "நாளைக்கு வரேன்கா"ம்ப. உன்ன திட்டவும் முடியாது, அம்மா கோச்சிக்கும். அவன்னா வாய்க்கு வந்தபடி திட்டலாம்.

– இரு கஸ்தூரி, இரு. போன்ல கீறது கெடக்கட்டும். கவுண்டர்ல நாம தெனம் பாக்கறது இந்த சர்வர்ல இருந்துதானே வருது? அத நான் இன்னிக்கு என் கையாலயே கொன்னுட்டேனே!

– நீங்க ஒண்ணும் கொல்லலங்க. அது ஆடி மாசமே போயிடுச்சு, மெக்கானிக்கு கைய விரிச்சிட்டான், உள்ள ஒண்ணும் ஓடல, வெறும் லைட்டுதான் எரிஞ்சிகினு இருந்திச்சு. சொன்னா ஒடைஞ்சி போயிடுவீங்கனு நான் வாயத் தொறக்கல, மூணு மாசமா நம்ம லாட்ஜே வாடகையிலதான் ஓடுது.