சுயமாகக் கேள்வி கேட்க இங்கே டியூஷன் எடுக்கப்படும்

இல்ல மேடம், நீங்க முதல்ல உக்காருங்க. ஃபேனுக்கு நேரா வேணாம், அது ஆடிக்கிட்டே சுத்தும், புதுசா வர்றவங்களுக்குக் கொஞ்சம் பயமா இருக்கும். இந்தப் பக்கம் வாங்க. ஆமா, நான்தான் கெசியா மிஸ். நீங்க சின்மயி மேடம், அந்த இன்டர்நேஷனல் ஸ்கூல்ல கோஆர்டினேட்டர். பசங்க சொல்லியிருக்காங்க. நீங்க திட்டவே மாட்டீங்களாம், பக்கத்துல முட்டி போட்டு உக்காந்து, இப்ப உனக்கு எப்படி இருக்குன்னு கேப்பீங்களாமே. அது அடிக்கறதை விடப் பயமா இருக்குன்னு உமேஷ் சொல்றான்.

வந்த விஷயம் எனக்குத் தெரியும் மேடம். உங்க ஸ்கூல் பசங்க யாரும் என்கிட்ட டியூஷன் போகக்கூடாதுன்னு எல்லா பேரன்ட்ஸுக்கும் மெயில் அனுப்பப் போறீங்க. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல பாத்துடலாம்னு வந்திருக்கீங்க. நல்ல மனசு. ஆனா எனக்கு இந்த ஹால்தான் சோறு போடுது, வேற வருமானம் கிடையாது. அதனால நான் சொல்றதையும் காது குடுத்துக் கேட்டுட்டு அப்புறமா அனுப்புங்க. ஒரு வாய் காபி போடறேன். அட, சும்மா இருங்க மேடம், டிகாக்‌ஷன் ரெடியா இருக்கு.

இதை ஆரம்பிச்சது நான் இல்ல, சத்தியமா. நான் பாட்டுக்கு இந்த ராஜகீழ்ப்பாக்கத்துல மெட்ரிக் பசங்களுக்கு வாய்ப்பாடு, டிக்டேஷன்னு ஓட்டிக்கிட்டு இருந்தேன். எதிர் ஃபிளாட் பத்ரிநாராயணன் சார்தான் ஒரு நாள் அவர் பையன் உமேஷைத் தரதரன்னு இழுத்துக்கிட்டு வந்தார். முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு. மிஸ், இவன் ஸ்கூல்ல டெக்ஸ்ட் புக் கிடையாது, ஹோம்வொர்க் கிடையாது, பரீட்சை கிடையாது, ரேங்க் கிடையாது, பையன் வேற சந்தோஷமா இருக்கான், என்ன பண்றதுன்னே தெரியலங்கறார்.

ரிப்போர்ட் கார்டை நீட்டினார். மார்க்கே இல்ல. டெவலப்பிங்னு போட்டிருந்துச்சு. டெவலப்பிங்னா நூத்துக்கு எவ்வளவு மிஸ்ங்கறார். பேங்க்ல பெரிய ஆபீசர் மேடம் அவர், கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. பாவமா இருந்துச்சு. ஒரு அறுபது, அறுபத்தஞ்சு இருக்கும் சார்னு சொல்லி வெச்சேன். மூஞ்சி தெளிஞ்சுது. எக்ஸீடிங்னா தொண்ணூறுக்கு மேலன்னு அவரே மீதியைப் போட்டுக்கிட்டார். சிரிக்காதீங்க, உங்க பேரன்ட்ஸ் வாட்ஸப் குரூப்ல இன்னிக்கும் அந்தக் கணக்குதான் ஓடுது.

அப்புறம் பேரன்ட்ஸ் மீட்டிங் வந்துச்சு. டீச்சர் பேசுவாங்கன்னு இவர் சட்டையெல்லாம் அயர்ன் பண்ணிக்கிட்டுப் போனா, அங்க உமேஷ்தான் பேசியிருக்கான். அப்பாவைக் குட்டி நாற்காலியில உக்கார வெச்சு, இது என் ப்ராஜெக்ட், இந்த இடத்துல சொதப்பினேன், அடுத்த தடவை வேற மாதிரி பண்ணுவேன்னு எல்லாம் சொல்லிட்டு, அப்பா, நீங்க இந்த டேர்ம்ல புதுசா என்ன கத்துக்கிட்டீங்கன்னு கேட்டிருக்கான். சாருக்கு வேர்த்து ஊத்திடுச்சு. நேரா இங்க வந்து, மிஸ், எனக்கும் சேத்து டியூஷன் வேணும் போலிருக்கேன்னார்.

நானும் ஒண்ணும் தெரியாம இறங்கல மேடம். உங்க வெப்சைட்டை உக்காந்து வரி விடாம படிச்சேன். வருஷத்துக்கு ஆறு தலைப்பு. தண்ணின்னு எடுத்தீங்கன்னா கணக்கும் தண்ணியில, சயின்ஸும் தண்ணியில, டிராயிங்கும் தண்ணியில. ஏரிக்குக் கூட்டிட்டுப் போவீங்க, அளந்து பாக்கச் சொல்வீங்க, வார்டு கவுன்சிலரை வரவெச்சுப் பேசச் சொல்வீங்க. நல்லாத்தான் இருக்கு, குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இதெல்லாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, முதல் நாளே, ஒவ்வொரு புள்ளையும் தனக்கே தோணற கேள்வியை ஒரு சீட்டுல எழுதி சுவத்துல ஒட்டணும். அதுலேருந்துதான் பாடமே கெளம்பும். அப்படித்தானே? அதைக் கேட்டதும்தான் எங்க காலனி ஜனங்க இங்க ஓடி வர ஆரம்பிச்சாங்க. எம்புள்ளைக்கு ஒண்ணுமே தோணலேன்னா என்ன மிஸ் பண்றதுன்னு எல்லாரும் இந்த வாசல்ல வந்து நிக்கறாங்க. கொஞ்சம் இம்பார்ட்டண்ட் கொஸ்டின்ஸ் குடுங்கங்கறாங்க.

நாம படிச்சப்ப இம்பார்ட்டண்ட் கொஸ்டின்னா அதுக்குப் பதிலைத்தானே உருப்போடுவோம். இங்க பதிலை யாரும் கேக்கல, கேள்வியைத்தான் கேக்கறாங்க. சரி, கேள்வியை உருப்போட வெச்சேன். வேலைன்னு எடுத்தா நான் அரைகுறையா செய்ய மாட்டேன் மேடம். வெறுமனே ஒப்பிச்சா சந்தேகம் வரும்னு ஆச்சரியப்படறதுக்கும் பிராக்டிஸ் குடுத்தேன். முதல்ல மேல பாரு, புருவத்தைத் தூக்கு, தாடையில விரலை வை, ம்ம்ம்னு இழு, அப்புறம் வாயைத் திற. உமேஷோட படிக்கற ஸ்நேகா பிரமாதமா பண்ணுவா. உமேஷ் புருவத்தைத் தூக்கினா கூடவே காதும் ஆடும், அவனை விட்டுட்டேன்.

மொத்தப் பட்டாளமும் ஒரே நேரத்துல மேல பாக்கும்னு நான் என்னத்தைக் கண்டேன்? உங்க டீச்சர் பதறிப் போய், பல்லி கில்லி விழப் போகுதான்னு அவங்களும் மேல பாத்தாங்களாமே. அப்புறம் சுவத்தைப் பாத்தா எல்லாச் சீட்டுலயும் ஒரே கேள்வி. பக்கத்து செக்‌ஷன்லயும் அதே கேள்வி. என் தப்புதான், ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக் குடுத்திருக்கணும். முதல் பேட்ச் இல்லையா, அனுபவம் பத்தல.

ஆனா அதுவும் சரி, அப்புறம் ஒவ்வொரு தலைப்புக்கும் குடுத்ததும் சரி, நல்ல கேள்வி, அதை நீங்க ஒத்துக்கத்தான் வேணும். பள்ளிக்கரணையில ஒரு பக்கம் குப்பை மேடு நாறுது, அதுக்குப் பக்கத்துலயே அவ்வளவு தூரத்துலேருந்து பறவை வந்து இறங்குதே, அதுங்களுக்கு மூக்கு கிடையாதா? பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில பழைய கல்யாண ஃபோட்டோவை ஃப்ரேமோட விக்கறாங்களே, அதை வீட்டை விட்டு வெளியில போட்டது யாரு? மழை பெஞ்சா தண்ணி ஏரிக்குப் போகாம எங்க தெருவுக்கு ஏன் முதல்ல வருது? உங்க டீச்சரே பறவைக் கேள்வியைப் பாத்துட்டு பசங்களை பஸ் வெச்சுக் கூட்டிட்டுப் போனாங்களா இல்லையா?

போயிட்டு வந்த அன்னிக்கு ஸ்நேகா இந்த வாசல்லயே நின்னு மூச்சு விடாம சொல்றா. மிஸ், நிறையப் பறவைக்கு மோப்பம் நம்மளை மாதிரி பெருசா கிடையாது, அது மூக்கை நம்பி வரல, மீனையும் பூச்சியையும் நம்பி வருதுங்கறா. அடுப்புல வெச்ச சோறு குழைஞ்சே போச்சு மேடம். நான் கரண்டியோட அப்படியே நின்னுட்டேன். எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா.

கேள்வியெல்லாம் எங்கேருந்து எடுத்தேனா? எந்தக் கைடும் இல்ல மேடம். பூரா என்னுதுதான். எனக்குப் பதில் தெரியாத கேள்வி. நான் படிச்ச ஸ்கூல்ல வாயைத் திறந்து கேட்டா அதிகப்பிரசங்கின்னு வெளியில நிக்க வெச்சுடுவாங்க. பாதிப் படிப்பை வராண்டாவுலயேதான் முடிச்சேன். வேலை பாத்த ஸ்கூல்ல போர்ஷனை முடிங்கம்மா போதும்னாங்க. உங்க ஸ்கூல்ல மட்டும்தான் ஒரு புள்ள கேட்டா ஏரிக்கே பஸ் விடறீங்க. நம்ம கேள்வியும் ரெண்டு அந்தப் பஸ்ல ஏறிக்கட்டுமேன்னு குடுத்து அனுப்பினேன். பசங்களும் சமர்த்தா பதிலோட திரும்பி வந்தாங்க.

ம்.

தெரியும் மேடம். நீங்க அந்தக் கேள்விக்காகத்தான் வந்திருக்கீங்க. நீங்க அதை எடுத்துடக்கூடாதேன்னுதான் இவ்வளவு நேரம் நானே பேசிக்கிட்டு இருந்தேன். காபி ஆறுது, குடிங்க.

இந்தத் தடவை மனுஷ உடம்புதானே தலைப்பு. உடம்பு பத்தின கேள்விதானேன்னு இதை மட்டும் எல்லாருக்குமே குடுத்துட்டேன். தூக்கத்துலயே ஒருத்தருக்கு உயிர் போனா, போறது அவங்களுக்குத் தெரியுமா. அதை இந்தப் பசங்க அத்தனை பேரும் எழுதி ஒட்டிட்டாங்க. ரெண்டு அம்மாங்க ஃபோன் பண்ணி அழுதாங்களாம். உங்க ஸ்கூல்ல மனசு சரியில்லேன்னா பேசற கவுன்சிலிங் மேடம் பசங்களை வட்டமா உக்கார வெச்சு, வீட்டுல யாருக்காவது ஏதாவது கஷ்டமான்னு கேட்டாங்களாம். உமேஷ், எங்கப்பாவுக்கு மார்க் இல்லாததுதான் கஷ்டம்னானாம். பசங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல மேடம். அந்தக் கேள்வியும் என்னுதுதான்.

எங்க வீட்டுக்காரர், ரத்தினம்னு பேரு. திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல லேத் ஓட்டிக்கிட்டு இருந்தார். ஒரு நாள் காலையில எழுந்திருக்கவே இல்ல. காபியைக் கொண்டு போய்த் தலைமாட்டுல வெச்சுட்டு, எருமை மாதிரி தூங்கறீங்களே, பஸ் போயிடப் போகுதுன்னு கத்தினேன். பாத்திரம் தேய்ச்சு முடிக்கற வரைக்கும் திட்டிக்கிட்டே இருந்தேன். எப்பவுமே திருப்பிப் பேச மாட்டார் அவர், அதனால எனக்கு வித்தியாசமாவே தெரியல.

டாக்டர் வந்து, வலியே இருந்திருக்காதும்மான்னார். வலிச்சுதான்னு நான் கேக்கவே இல்லையே. பாஸ்டர், இது பாக்கியமான சாவு, எல்லாருக்கும் கிடைக்காதுன்னார். அதையும் நான் கேக்கல. அவருக்குத் தெரிஞ்சுதா, என்னைக் கூப்பிட்டாரா, பக்கத்துலயே படுத்திருந்துட்டு நான் தூங்கித் தொலைச்சேனா, அதைத்தான் கேட்டேன். அதுக்கு மேல கேட்டா அழுதுடுவேன்னு எல்லாரும் பேச்சை மாத்திடறாங்க மேடம். பசங்க அப்படி இல்ல. எங்கேயாவது தேடி ஒரு பதிலைக் கொண்டு வந்துடுவாங்க.

நீங்க அந்த மெயிலை அனுப்பிக்கங்க. கோவமெல்லாம் இல்ல. பழைய மெட்ரிக் பசங்களைக் கூப்பிட்டு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தா கஞ்சிக்கு ஆகும், பாத்துக்கறேன். அந்தச் சீட்டை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் சுவத்துலயே விட்டு வைங்களேன். என்னது, எடுத்துட்டீங்களா? எல்லாத்தையுமா?

சரி, பரவாயில்ல. எடுக்கறதுக்கு முன்னாடி எந்தப் புள்ளையாவது ஏதாவது கண்டுபிடிச்சுச் சொல்லுச்சா மேடம்?