வெளிப் பெஞ்சு

...கூடாதுன்னா கூடாது தம்பி, அவ்வளவுதான். கதவுல கை வெக்காதீங்க. உள்ள உங்க வீட்டுக்காரம்மாவும் டாக்டரம்மாவும் மட்டும்தான். இந்தப் பெஞ்சுல உக்காருங்க. அந்த ஓரம் வேண்டாம், கால் ஆடும்.

என்னது, அவங்களுக்குச் சரியா சொல்லத் தெரியாதா? இங்க உக்கார்ற அத்தனை ஆம்பளையும் இதத்தான் சொல்றாங்க. நேத்து ஒருத்தர் மாமியாரக் கூட்டிட்டு வந்தாரு. மூட்டு வலி. அதையும் அவரேதான் சொல்லணுமாம். மூட்டு யாரோடதுங்கன்னு கேட்டேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு.

எனக்கும் இந்த ரூல் பிடிக்கல, நான் இவங்க கட்சின்னு நெனச்சுடாதீங்க. டாக்டரம்மா பிடிவாதக்காரங்க. படிக்கற காலத்துல பொம்பளை வகுப்புக்குள்ள வரக் கூடாதுன்னு வாத்தியாருங்க சொல்லிட்டாங்களாம். ஒரு வருஷம் பூரா வராந்தாவுல நின்னு, ஜன்னல் கட்டையில நோட்ட வெச்சு எழுதிப் பாஸ் பண்ணவங்க. இந்த ஊருக்கு முதல் பொம்பளை டாக்டர். இப்ப நம்மள வராந்தாவுல உக்கார வெச்சுப் பழி தீத்துக்கறாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, வைத்தியம் பாத்தமா, வீட்டுக்குப் போனமான்னு இருக்காங்களா? சாயங்காலம் ஆனா மேடை. பொம்பளை உடம்புல ஆபரேஷன் பண்ணணும்னா புருஷன் கையெழுத்து வேணும்னு சட்டம் இருக்கில்ல, அத மாத்தணும்னு ஊர் ஊரா பேச்சு, மனு. அந்த மனுக் கட்ட யாரு தூக்கறது? நான்தான். இடுப்பு போச்சு. ஒரு நாள் கூட்டத்துல ஒருத்தன் எந்திரிச்சு, அப்ப ஆம்பளைக்கு என்ன வேலைன்னு கேட்டான். டாக்டரம்மா என் பக்கம் கையக் காட்டினாங்க. நான் கட்டோட நிக்கறேன். சபையே சிரிக்குது. நான் என்ன பண்ண, நானும் சிரிச்சேன்.

உக்காருங்க, எங்க எந்திரிக்கறீங்க... இதக் கேட்டுட்டுப் போங்க.

நாலு வருஷம் முன்ன என் வீட்டுக்காரிக்கு வயித்து வலி. இங்கதான் கூட்டிட்டு வந்தேன். அப்பல்லாம் புருஷனும் உள்ள போகலாம். டாக்டரம்மா அவளப் பாத்து, எங்க வலிக்குதும்மான்னாங்க. நடு வயித்துலன்னு நான் சொன்னேன். எத்தன நாளா? நேத்துலேந்துன்னேன். சாப்பிட முடியுதா? வெளுத்துக் கட்டறான்னேன். அவ வாயத் தொறக்கறதுக்குள்ள நான் அடுத்த பதிலுக்குப் போயிட்டேன். படுக்க வெச்சு அமுக்கிப் பாக்கணும்னாங்க. அதெல்லாம் வேண்டாங்க, வெறும் வாயுன்னு வியாதிக்குப் பேரும் நானே வெச்சு, ஒரு பொடிய வாங்கிக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

மறுநா மத்தியானம் சுருண்டு விழுந்துட்டா, திரும்ப இங்கயே தூக்கிட்டு வந்தேன். அஞ்சு நாளா வலது பக்கம் அடியில வலிச்சிருக்கு தம்பி. குடல்வால். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வெடிச்சிருக்குமாம். ஆபரேஷனுக்கு என் கையெழுத்தக் கேக்கறாங்க. கை நடுங்குது, பேனா நிக்க மாட்டேங்குது. அவ அந்த வலியிலயும், "அந்தப் பேனாவ என்கிட்ட குடுங்க, நான் போடறேன்"னா. சட்டத்துல இடம் இல்லையாம். எப்படியோ நானே கிறுக்கிக் குடுத்துட்டு வெளிய வந்தேன். இவ போயிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்னு நெனச்சு நெனச்சு அழுதேன்.

பொழச்சுக்கிட்டா. கண்ணு முழிச்சதும் தண்ணி கேக்கல, பிள்ளையக் கேக்கல. "டாக்டரம்மா, இனிமே இவர வெளிய உக்கார வைங்க"ன்னா. அன்னைக்குப் போட்ட ரூல்தான் இது. திட்டணும்னா என்னத் திட்டுங்க தம்பி, என்னால வந்தது. மனுவுல முதல் கையெழுத்து அவளோடது. ரெண்டாவது என்னோடது, இந்தத் தடவ கை நடுங்கல.

நான் கம்பவுண்டரான்னா கேக்கறீங்க? ஐயையோ, மருந்து பாட்டிலத் தொட விட மாட்டாங்க. புருஷனுங்க சும்மா உக்கார மாட்டேங்கறாங்க, கதவத் தட்டிட்டே இருக்காங்கன்னு டாக்டரம்மா ஒரு ஆள் தேடினாங்க. என் வீட்டுக்காரிதான் சிபாரிசு பண்ணா. இவர் வாயத் தொறந்தா எதிர்ல இருக்கறவர் அசைய முடியாதுன்னாளாம். நீங்களே பாருங்க, வந்து எவ்வளவு நேரமாச்சு.

அதோ வர்றாங்க உங்க வீட்டுக்காரம்மா. எல்லாத்தையும் சொல்லி முடிச்ச முகம் அது, எனக்குத் தெரியும். என்ன வியாதின்னு என்கிட்ட கேக்காதீங்க, அவங்களக் கேளுங்க. கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருங்க. கஷ்டம்தான் தம்பி. நானே இன்னும் பழகிட்டுதான் இருக்கேன்.